பாதிநாள் படைவீரனுக்குப் பாதிப் பயிற்சியா?

தோழா,

சென்ற வாரம் ராஜகீழ்ப்பாக்கத்திலே ஒரு தெருமுனைக் கூட்டம். மேடை அமைத்தாயிற்று, ஒலிபெருக்கி கட்டியாயிற்று, கொடியும் ஏற்றியாயிற்று. பேச்சாளன் மட்டும் நேரத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டான். வேறு யார், நான்தான்! கூட்டம் சேர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. வேளச்சேரிச் சாலையோரத்துத் தேநீர்க் கடையிலே போய் அமர்ந்தேன்.

வானத்திலே ஒரு சிறு விமானம். சென்றது, திரும்பிற்று, மீண்டும் சென்றது, மீண்டும் திரும்பிற்று. ஊருக்குப் போகிற விமானமல்ல அது. ஊரைச் சுற்றுகிற விமானம்.

"என்ன பெரியவரே, விமானம் வழி தவறிவிட்டதா?" என்றேன், வேடிக்கையாக.

கடைக்காரப் பெரியவர் பாலை ஆற்றியபடியே சொன்னார்: "வழி தவறலே தம்பி. வழி சொல்லிக் குடுக்கறது எப்படின்னு பழகிக்கிட்டிருக்காங்க."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கோ அது ஒரு நாடகத்தின் முதல் வசனம்போல் பட்டது. நாடகக்காரனுடைய நோய் அது, பொறுத்துக்கொள். ஆனால் பெரியவர் சொன்னது வசனமல்ல, உண்மை. பக்கத்திலே இருக்கிறது தாம்பரம் விமானப்படைத் தளம். அங்கே ஒரு பள்ளி உண்டு. விமானம் ஓட்டக் கற்பிக்கும் பள்ளியல்ல. விமானம் ஓட்டக் கற்பிப்பவர்க்குக் கற்பிக்கும் பள்ளி! 1948-இல் அம்பாலாவிலே தொடங்கி, 1954-இல் தாம்பரத்துக்கு இடம் மாறி வந்த விமானப் பயிற்றுநர் பள்ளி அது. அங்கே மாணவனாக வருகிறவன் முன்னமே விமானி, வானத்தை அளந்தவன். ஆனாலும் அவனை அமர வைத்து, "உனக்குத் தெரியும் என்பது போதாது, தெரியாதவனுக்குத் தெரியவைக்க உனக்குத் தெரியுமா?" என்று கேட்கிறது அந்தப் பள்ளி.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தான் பக்கத்திலே ஓர் இளைஞன். ஒட்ட வெட்டிய முடி. கையிலே எண்ணெய்க் கறை. அருகிலே ஒரு கடைசல் பட்டறையிலே வேலை. அவனாகவே சொன்னான்: "நானும் பட்டாளத்துக்காரன்தான் அண்ணே. வருஷத்துல ரெண்டு மாசம் பட்டாளம், பத்து மாசம் பட்டறை."

"இரண்டு மாதம் பட்டாளமா? அது என்ன கணக்கு?" என்று கேட்டார் பெரியவர்.

"டெரிட்டோரியல் ஆர்மி தாத்தா. கூப்பிட்டாப் போவோம், விட்டா வருவோம். போய் முதல் வாரம் பூரா, போன வருஷம் கத்ததை ஞாபகப்படுத்தறதுலேயே ஓடிடும். கை பழகறதுக்குள்ள திரும்பற நாள் வந்துடும். இங்கே வந்தா, முதலாளி, 'இடம் இருந்தாப் பார்க்கலாம்'ங்கறார்."

எந்தப் பட்டாளம், எந்தப் பட்டறை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இங்கே எழுதமாட்டேன். ஆனால் அன்று மேடையிலே பேசவேண்டிய பேச்சை மறந்துவிட்டு, அந்த இளைஞனைப் பற்றியே பேசினேன். பேசியதிலே மனம் அடங்கவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக உன்னிடம் வந்திருக்கிறேன்.

தோழா, அவன் கூலிக்காரனல்ல, விளையாட்டுக்காரனுமல்ல. அவனுக்குத் தமிழிலே பல நூற்றாண்டுப் பழமையுள்ள ஒரு பெயர் இருக்கிறது. திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்துக்கு உரை வகுத்த பரிமேலழகர், படைகளை ஆறு வகையாக எண்ணுகிறார்: மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை. வழிவழியாக வந்த நிலைப்படை மூலப்படை. நாட்டிலிருந்து, நாட்டு மக்களிலிருந்து திரட்டப்படுவது நாட்டுப்படை. டெரிட்டோரியல் ஆர்மியைப் பிரதேச இராணுவம் என்று ஏடுகள் எழுதுகின்றன. நான் நாட்டுப்படை என்றே சொல்கிறேன். நீயும் சொல்லிப்பார், நாவுக்கும் இனிக்கிறது, பொருளும் விளங்குகிறது.

மூலப்படையே சிறந்தது என்பது அந்த உரையாசிரியரின் முடிவு. அன்றைக்கு அது சரி. ஆனால் 'சிறந்தது அது' என்பதற்கு, 'மற்றதைப் பழக்காமல் விடு' என்பது பொருளாகுமா? ஆகாது! ஆனால் அப்படித்தான் பொருள் கொண்டார்கள் நம்மை ஆண்டவர்கள்.

வெள்ளையர் காலத்திலே நடந்ததைக் கேள். 1920-இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, வெள்ளையர்க்கான பகுதிநேரப் படைக்கு; அதன் பெயர் ஆக்சிலியரி ஃபோர்ஸ். மற்றொன்று, இந்தியர்க்கான பகுதிநேரப் படைக்கு; அதன் பெயர் டெரிட்டோரியல் ஃபோர்ஸ். இரண்டுமே பகுதிநேரம்தான். இரண்டிலே இருப்பவனும் பகலிலே வேலை பார்ப்பவன்தான். ஆனால் தோலின் நிறத்துக்கு ஒரு சட்டம்! ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பந்தி! இந்த வேற்றுமை அந்நாளிலேயே கண்டிக்கப்பட்டது. அதை ஆராய ஒரு குழுவே அமைக்கவேண்டி வந்தது.

இன்னொன்றும் கேள். 'சென்னைச் சிப்பாய் போருக்கு உகந்தவனல்லன்' என்று ஒரு கதை கட்டினார்கள். வீர இனம், வீரமில்லாத இனம் என்று ஏட்டிலே பிரித்தார்கள். முதல் உலகப் போருக்குப் பின்னே, சிக்கனம் என்று சொல்லிச் சென்னைப் படைப்பிரிவின் நிலைப் பட்டாளங்களை ஒவ்வொன்றாகக் கலைத்தார்கள். மூலப்படை போயிற்று. எஞ்சியது எது? டெரிட்டோரியல் பட்டாளங்கள்! பின்னர் இரண்டாம் உலகப் போர் வந்தது, ஆள் வேண்டியிருந்தது, 'வீரமில்லாதவன்' திடீரென்று வீரனாகிவிட்டான். சென்னைப் படைப்பிரிவு மீண்டும் எழுந்தபோது, அதற்கு விதைநெல்லாக இருந்தவை அந்த நாட்டுப்படைப் பட்டாளங்களே. இன்று நீலகிரி வெலிங்டனிலே நடுவம் கொண்டு நிமிர்ந்து நிற்கிறதே சென்னைப் படைப்பிரிவு, அதன் கதையிலே பாதிநாள் வீரனுக்கு இத்துணைப் பங்கு உண்டு.

விடுதலைக்குப் பின், 1948-இல் நாட்டுப்படைக்குப் புதுச் சட்டம் வந்தது. 1949 அக்டோபர் 9-ஆம் நாள், அன்றைய கவர்னர் ஜெனரல் இராசகோபாலாச்சாரியார் அதனைத் தொடங்கிவைத்தார். பந்தி ஒன்றாயிற்று, வாழ்த்துகிறேன். 1962, 1965, 1971 ஆகிய மூன்று போர்களிலும் நாட்டுப்படையினர் தொண்டாற்றினார்கள். கோவையிலே 110-ஆம் பட்டாளம், கோழிக்கோட்டிலே 122-ஆம் பட்டாளம் என்று நம் பக்கத்திலேயே அது வேரூன்றி நிற்கிறது. அதன் மொத்த வலிமை ஏறத்தாழ 40,000 பேர் என்று இராணுவமே சொல்கிறது. இரயில்வே, எண்ணெய் நிறுவனம், தொலைத்தொடர்பு போன்ற துறைகளின் ஊழியர்களைக் கொண்ட பிரிவுகளும் அதிலே உண்டு.

'இருக்கட்டுமே, அணிவகுப்பு நாளிலே அழகாக நடந்துவிட்டுப் போகட்டுமே' என்று நினைப்பவர் உண்டு. அவர்கள் 2025 மே மாதத்தை மறந்துவிட்டார்கள். எல்லையிலே பதற்றம் மூண்டிருந்த அந்த நாளிலே, மே 6-ஆம் நாள் ஓர் அறிவிக்கை வந்தது. நாட்டுப்படையின் அதிகாரிகளையும் வீரர்களையும் பணிக்கு அழைக்கும் அதிகாரம் தரைப்படைத் தளபதிக்கு வழங்கப்பட்டது. இருக்கின்ற 32 காலாட் பட்டாளங்களிலே 14 பட்டாளங்களை, நாட்டின் பல பகுதிகளிலும் நிறுத்த ஒப்புதல் தரப்பட்டது. 2028 பிப்ரவரி வரையிலே அந்த ஆணைக்கு ஆயுள்.

அழைப்பு வரும்போது, பட்டறையிலே நிற்பவன் பட்டாளத்திலே நிற்பான். நேற்று வரையிலே இரும்பைக் கடைந்தவன் இன்று இரும்பை ஏந்துவான். எதிரியின் குண்டு அவனைக் கண்டு, "நீ முழுநேரமா, பகுதிநேரமா?" என்று கேட்டுவிட்டா பாயும்? கேட்காது! குண்டுக்குத் தெரியாத வேற்றுமை, பயிற்சிக்கு மட்டும் தெரிவானேன்?

போரை விடு, வெள்ளத்தை எண்ணு. 2015 டிசம்பர் முதல் நாள் இரவு உனக்கு மறந்திருக்காது. தாம்பரத்திலே ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை! முடிச்சூர் மூழ்கிற்று, ஏரி எது, தெரு எது என்று தெரியாமல் போயிற்று. தாம்பரம் தளத்திலிருந்து ஹெலிகாப்டர்கள் பறந்தன. படைவீரர்கள் படகோடு வந்தார்கள். வந்தவர்களுக்கு வணக்கம். ஆனால் எந்தத் தெரு பள்ளம், எந்த வீட்டிலே நடக்கமுடியாத கிழவி, எந்தக் கால்வாய்க்கு மூடியில்லை என்பதெல்லாம் யாருக்குத் தெரியும்? அந்தத் தெருவிலே பிறந்து வளர்ந்தவனுக்குத்தான் தெரியும். அவன் கையிலே படகும், நெஞ்சிலே பயிற்சியும் இருந்திருந்தால்?

இருந்தால் என்னவாகும் என்பதற்கு வயநாடு சான்று. 2024 சூலை 30 அதிகாலையிலே, முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணோடு மண்ணாகப் புதைந்தபோது, மீட்புக்கு விரைந்தவர்களிலே கோழிக்கோட்டு 122-ஆம் பட்டாளமும் ஒன்று. பகுதிநேரத்தார் சேற்றிலே இறங்கினார்கள். பெங்களூரிலிருந்து வந்த முழுநேரத்தாரான சென்னைப் பொறியாளர் படையினர், ஆற்றுக்குக் குறுக்கே 190 அடி இரும்புப் பாலத்தை இரண்டே நாளிலே எழுப்பினார்கள். பாலம் கட்டியவன் ஒரு கை, மனிதனைத் தூக்கியவன் ஒரு கை. இரண்டு கையும் ஒரே உடலிலே இருக்கவேண்டும். இரண்டு கைக்கும் ஒரே பலம் வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

'அவனுக்கு நாள் போதாது. அதனால்தான் பயிற்சி போதாது' என்பார்கள். இதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். முதலாண்டிலே ஒரு திங்கள் அடிப்படைப் பயிற்சி, பின்னர் ஆண்டுக்கு இரண்டு திங்கள் முகாம் என்பது நாட்டுப்படையின் நெடுநாளைய ஏற்பாடு. வெளிநாட்டிலே என்ன? பிரிட்டனிலே பகுதிநேரப் படைவீரன் பொதுவாக ஆண்டுக்கு 27 நாள் பயிற்சியை முடித்தால், அவனுக்கு ஊக்கத் தொகை. அமெரிக்காவிலே நேஷனல் கார்டு என்னும் படைக்கு மாதத்தில் ஒரு வார இறுதி, ஆண்டில் இரண்டு வாரம் என்பது வழக்கம். நம் தமிழர் வாழ்கின்ற சிங்கப்பூரிலே, 1967 முதல் கட்டாயப் படைப்பணி உண்டு. இரண்டாண்டு முழுநேரப் பணி முடித்த பின்னே, ஆண்டுக்கு 40 நாள் வரையிலே அழைப்பார்கள். வங்கியிலே வேலை பார்க்கும் தமிழனும், வாடகைக் கார் ஓட்டும் தமிழனும் சீருடை அணிந்து முகாமுக்குப் போகிறான். அதனால் அவன் இழக்கின்ற வருமானத்தை அரசு ஈடு செய்கிறது.

ஆக, நமது 60 நாள் குறைந்த நாள் அல்ல! குறை நாளிலே இல்லை. அந்த நாளை ஆளுகின்ற முறையிலே இருக்கிறது.

எனக்குத் தெரிந்த தொழிலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். எங்கள் நாடகக் குழுவிலே முழுநேர நடிகன் ஒருவனும் இல்லை. ஒருவர் கூட்டுறவு வங்கியிலே எழுத்தர். ஒருவர் பேருந்து நடத்துநர். அரசனாக வருபவர் குரோம்பேட்டையிலே தோல் பதனிடும் தொழிலாளி. ஒத்திகைக்கு வாரத்திலே இரண்டு இரவுதான் கிடைக்கும். முதலிலே நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒவ்வொரு இரவும் முதல் காட்சியிலிருந்தே தொடங்கினேன்! முதல் காட்சி பளபளவென்று தேறிற்று. கடைசிக் காட்சி மேடை ஏறும் நாள் வரையிலே தடுமாறிற்று. மூத்த கலைஞர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "தம்பி, தெரிந்ததையே ஆடிக்கொண்டிருந்தால் தெரியாததை எப்போது ஆடுவது? எவனுக்கு எந்த இடம் தடுக்குகிறதோ, அந்த இடத்திலிருந்து தொடங்கு" என்றார். அன்றோடு பிழைத்தோம். நாடகம் பார்க்க வந்தவன், 'பாவம், பகுதிநேர நடிகர்கள்' என்று பாதிக் கட்டணமா கொடுத்தான்? முழுக் கட்டணம் கொடுத்தான். முழு நாடகம் கேட்டான்.

ஒத்திகை கெட்டால் எனக்கு ஒரு மாலை கெடும். முகாம் கெட்டால் ஒரு தாய்க்கு மகன் கெடுவான். ஆகவே தோழா, இந்தக் கட்டுரையிலே நான் சொல்ல வந்த ஒரே செய்தி இது: மாணவனுக்கு நாள் குறைவு என்றால், ஆசான் இரு மடங்கு வல்லவனாக இருக்கவேண்டும்.

முழுநேர வீரனுக்கு ஆசான் சற்றே மந்தமானவனாக வாய்த்தாலும், நாள்கள் அவனைத் தேற்றிவிடும். காலையும் மாலையும் துப்பாக்கியோடு வாழ்கிறவனுக்குத் துப்பாக்கியே ஆசான். பகுதிநேர வீரனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவனுக்குக் கிடைப்பது ஒரு முகாம், அதிலே ஓர் ஆசான். அந்த ஆசான், 'எங்கேயோ எல்லையிலே இருக்கவேண்டியவன், இங்கே வந்து மாட்டிக்கொண்டேனே' என்று நாளை எண்ணுகிறவனாக இருந்தால் என்னவாகும்? நாட்டுப்படைப் பட்டாளங்களிலே நிரந்தர இராணுவத்திலிருந்து வந்து பணியாற்றும் அதிகாரிகளும் பயிற்றுநர்களும் உண்டு. அந்தப் பணி ஓய்விடமாக அமையக்கூடாது, ஒதுக்கிடமாக அமையவே கூடாது. அது தேர்ந்தெடுத்த திறமைசாலிக்குத் தரும் சிறப்பாக வேண்டும். அங்கே நன்றாகக் கற்பித்தவனுக்குப் பதவி உயர்விலே அது ஒரு படியாக வேண்டும். அதற்கு முன்னே, 'பாதிநாள் வீரனுக்குப் பாடம் சொல்வது எப்படி' என்று அவனே ஒரு பள்ளியிலே கற்றுவர வேண்டும். தாம்பரத்து வானத்திலே விமானிக்கு 1954 முதல் நடப்பது, தரையிலே சிப்பாயின் ஆசானுக்கும் நடக்கட்டுமே!

மாற்றமே இல்லை என்று சொல்லமாட்டேன். 2025 டிசம்பரிலே, டேராடூன் இராணுவக் கழகத்திலே பயிற்சி முடித்த ஒரு பெண் நாட்டுப்படையின் லெப்டினன்டாக வெளிவந்தார். அந்தக் கழகத்தின் வரலாற்றிலேயே முதல் பெண் அதிகாரி என்று நாடு கொண்டாடிற்று. நல்லது! நம் பரங்கிமலையிலே 1963-இல் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி எழுந்ததும் இப்படி ஒரு தேவையிலேதான். சீனப் போரிலே அடி வாங்கிய பின்னே, அதிகாரிகளை விரைந்து உருவாக்கவேண்டிய நெருக்கடி. சில திங்களிலே இளைஞர்களை அதிகாரியாக்கினார்கள். அவர்கள் 1965-இலே களம் கண்டார்கள். குறைந்த நாளிலும் நிறைந்த வீரனை ஆக்கலாம் என்பதற்குத் தாம்பரம் இரயில் பாதையிலேயே சான்று நிற்கிறது. அதிகாரிக்குக் கழகம் தந்தீர்கள். சிப்பாய்க்குக் கற்பிக்கும் அவில்தாருக்கு எப்போது தரப்போகிறீர்கள்?

ஆசானைப் பற்றிச் சொன்னேன். பாடத்தைப் பற்றியும் சொல்லவேண்டும்.

முகாமின் முதல் நாளிலே, எல்லாரையும் ஒரே வரிசையிலே நிறுத்தி 'இடது வலது' என்று தொடங்குவதை விட்டுவிடவேண்டும். முதல் நாள் தேர்வு நடக்கட்டும். எவன் எதை மறந்தான், எவன் எதை மறக்கவில்லை என்று பிரித்தறிந்து, அவனவன் தடுக்கிய இடத்திலிருந்து தொடங்கட்டும். பத்து மாத இடைவெளி என்பது மறதிக்கு விட்ட மேய்ச்சல் நிலம். அதிலே மாதத்துக்கு ஒரு ஞாயிறு வேலி போடலாம். இன்று ஒவ்வொருவன் சட்டைப் பையிலும் கைப்பேசி இருக்கிறது. திரைப்படமும் வம்பும் வருகிற அந்தத் திரையிலே, முதலுதவியும், வரைபடம் பார்த்தலும், வெள்ளத்திலே கயிறு கட்டும் முறையும் வரக்கூடாதா?

இரண்டாவது, வருகிறவன் வெறும் ஆளல்ல; ஒரு தொழிலோடு வருகிறான். கடைசல்காரன் கையிலே இருக்கும் நுட்பம், பட்டாளப் பணிமனைக்கு விலையில்லாச் செல்வம். லாரி ஓட்டுகிறவன் மலைப்பாதையிலே தேறுவான். மருத்துவமனையிலே கட்டுப் போடுகிறவள் களத்திலே உயிர் காப்பாள். 2018-இலே கேரளம் மூழ்கியபோது, கடலோர மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியிலே ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு ஓடினார்கள்; ஆயிரக்கணக்கானவரைக் காத்தார்கள். அவர்களுக்குப் படகு ஓட்ட எந்த முகாம் கற்பித்தது? கடல் கற்பித்தது! நமது கடற்கரைக் குப்பங்களிலே நாட்டுப்படைக்கு எத்தனை ஆசான்கள் இருக்கிறார்கள் என்று எவரேனும் எண்ணியதுண்டா?

மூன்றாவது, மொழி. இதைச் சொன்னதும், 'வந்துவிட்டான் மொழிக்காரன்' என்பார்கள். வந்தேன்தான்! நான் கல்லூரியிலே படித்தபோது (படித்து முடித்தபோது என்று சொன்னால் என் தாயே சிரிப்பாள்) தேசிய மாணவர் படையிலே இருந்தேன். 'சாவ்தான்' என்றால் நிமிர்ந்தோம், 'விஷ்ராம்' என்றால் தளர்ந்தோம். அது தொல்லையல்ல; இருபது சொல்லைக் கிளிகூடக் கற்கும். சிங்கப்பூரிலே சீனனும் தமிழனும் மலாய்க் கட்டளைக்குக் காலெடுத்து வைக்கிறான்; எவனும் குறைந்துவிடவில்லை. ஆனால் துப்பாக்கிப் பாடமும் புரியாத மொழியிலே நடந்தது. உறுப்பின் பெயரை மனப்பாடம் செய்தோம். அது என்ன செய்கிறது என்று தெரியாது. ஒரு நாள் இடைவேளையிலே, திருநெல்வேலிக்கார அவில்தார் ஒருவர் மெல்ல அருகே வந்தார். "ஏலே, மூச்சைப் பாதி விட்டுட்டு நிறுத்து. விசையை வெடுக்குன்னு இழுக்காதே, எலுமிச்சம்பழத்தைப் பிழியுத மாதிரி மெல்லப் பிழி" என்றார். அவ்வளவுதான்! மாதக்கணக்கிலே பதியாதது ஒரு நொடியிலே பதிந்தது. அன்று மாலையே என் குண்டு இலக்குப் பலகையைக் கண்டுகொண்டது. அதற்கு முன்னே அதற்கும் எனக்கும் அறிமுகமே இல்லை.

1968 சனவரி 23-இல், அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய மொழித் தீர்மானத்திலே, தேசிய மாணவர் படையிலே இந்திக் கட்டளைச் சொற்கள் கூடாது என்பதும் இடம்பெற்றது. அது வெறும் வீம்பு என்று அன்று எழுதினார்கள். எலுமிச்சம்பழத்தைக் கேட்டவன் அப்படி எழுதமாட்டான். நாள் குறைந்தவனுக்கு மொழிபெயர்ப்பிலே செலவழிக்க நாள் ஏது? கட்டளை எந்த மொழியிலே இருப்பினும், கற்பித்தல் தாய்மொழியிலே இருக்கட்டும். கோவைப் பட்டாளத்தின் கையேடு தமிழிலே இருக்கட்டும்.

நான்காவது, பட்டறை. முகாமுக்குப் போனவனை, 'இடம் இருந்தால் பார்க்கலாம்' என்கிறானே முதலாளி, அதைக் கேட்டுக்கொண்டு எவன் அமைதியாகப் பயிற்சி பெறுவான்? இலக்கைப் பார்க்கிற கண்ணிலே வீட்டு வாடகையல்லவா தெரியும்! இராணுவப் பணிக்கு அழைக்கப்பட்டவனை மீண்டும் வேலையிலே சேர்த்துக்கொள்ள நாட்டுப்படைச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஆனால் சட்டம் தில்லியிலே இருக்கிறது. பட்டறை தெருவிலே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நடந்துபோய்ச் சொல்ல ஆளில்லை. சிறு முதலாளியையும் குறை சொல்லி முடித்துவிடமாட்டேன். மூன்று பேர் வேலை செய்யும் பட்டறையிலே ஒருவன் இரண்டு மாதம் இல்லையென்றால் அவனும்தான் என்ன செய்வான்? சிங்கப்பூரைப்போல, இழப்பை அரசு ஏற்கட்டும். நாட்டைக் காக்கும் செலவை நான்கு சதுர அடிப் பட்டறையின் தலையிலே கட்டுவது நீதியல்ல.

ஒன்று மறந்துவிடக்கூடாது. நாட்டுப்படையிலே எல்லாரும் இரண்டு மாதத்துக்காரர் அல்லர். 1982 முதல் முசௌரி மலையிலே மரம் நட்டுவரும் சுற்றுச்சூழல் பட்டாளம்போல, காஷ்மீரத்திலே காவல் நிற்கும் பட்டாளங்கள்போல, ஆண்டு முழுதும் பணியிலே இருப்போரும் உண்டு. பெயரிலே பகுதிநேரம், வாழ்விலே முழுநேரம்! அவர்களுக்கு வேறு நோய் வரும். நாள் இருக்கும், ஆனால் அத்தனை நாளும் காவலிலேயே கழியும். ஒருவனுக்கு மறதி பகை. மற்றவனுக்குச் சலிப்பு பகை. முன்னவனுக்கு இடையிடையே பயிற்சியைச் செருகவேண்டும். பின்னவனைப் பணியிலிருந்து விடுவித்து, ஆண்டுக்குச் சில வாரமாவது பயிற்சிக்கென்றே ஒதுக்கவேண்டும். இருவரையும் ஒரே முகாமிலே நிறுத்தினால், ஒருவன் அனுபவம் மற்றவனுக்குப் பாடமாகும்.

'செலவு, செலவு' என்று எதிரொலி கேட்கிறது. 2025 மே ஆணையிலேயே, நிதி ஒதுக்கீடு இருந்தாலோ, உள் சேமிப்பு இருந்தாலோதான் பட்டாளங்களைப் பணிக்கு அழைக்கலாம் என்று வரி இருக்கிறது. கணக்குப் பார்ப்பது குற்றமல்ல. ஆனால் 2022-இலே அக்னிபத் என்று ஒரு திட்டம் வந்ததே! ஏறத்தாழ ஆறு மாதம் பயிற்சி, நான்காண்டு பணி, பின்னர் நான்கில் ஒருவனுக்கே நிரந்தர வேலை. மற்ற மூவரையும் பயிற்றுவிக்க இந்த நாடு பணம் செலவழித்ததே, அது கணக்கிலே வராதா? முதல் அணியின் நான்காண்டு 2026-இன் இறுதியோடு நிறைகிறது. அந்த இளைஞர்களைத் தெருவிலே விடுவதைவிட, விரும்புகிறவர்களை நாட்டுப்படையின் பயிற்றுநர்களாகத் தேர்ந்தெடுத்தால், புதிதாகப் பழக்கவேண்டிய செலவு மிச்சம். அதனால் அந்தத் திட்டத்தின் குறை மறைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கொட்டிய பாலிலே கொஞ்சமாவது பாத்திரத்துக்குத் திரும்பட்டும் என்கிறேன்.

'புகழ்பெற்றவர்களுக்கு நாட்டுப்படையிலே பதவி தருகிறார்களே, அது போதாதா?' என்று ஒருவர் கேட்டார். சென்னை கொண்டாடும் தோனிக்கு 2011-இலே கௌரவ லெப்டினன்ட் கர்னல் பட்டம் தந்தார்கள். பெருமைதான். ஆனால் 2015-இலே, ஆக்ராவிலே அவர் பாராசூட் பயிற்சி பெற்று ஐந்து முறை விமானத்திலிருந்து குதித்தார். ஏன்? புகழ் சட்டையிலே சின்னத்தைப் பொருத்தலாம். வானத்திலிருந்து குதிப்பவனைத் தாங்க அதற்கு வலிமையில்லை. தாங்குவது பயிற்சி! அத்தனை புகழ் பெற்றவருக்கே அது வேண்டியிருந்தது என்றால், கடைசல் பட்டறைத் தம்பிக்கு எவ்வளவு வேண்டும்?

இராணுவம் மத்திய அரசின் அதிகாரம்; நாம் என்ன செய்ய முடியும் என்று கைகட்டி நிற்காதே, தோழா. நாடாளுமன்றத்திலே நம் குரலாக நிற்பவர்கள், நாட்டுப்படைப் பயிற்றுநர்க்கென்று தனிப் பள்ளி எப்போது என்று கேட்கட்டும். தமிழிலே கையேடு எங்கே என்று கேட்கட்டும். மாநில அரசின் ஊழியன் முகாமுக்குப் போனால் ஊதியமும் பணிமூப்பும் குறையாமல் இருக்க, கோட்டை வழி காட்டட்டும். நீயோ, உன் தெருவைப் பார். ஒட்ட வெட்டிய முடியோடு, கையிலே எண்ணெய்க் கறையோடு ஓர் இளைஞன் இருப்பான். அவனுக்குப் பொன்னாடை வேண்டாம். அவன் முகாமுக்குப் போகும் நாளிலே அவன் முதலாளியிடம் நீ போய், "இவன் திரும்பி வரும்வரை இவன் இடம் இவனுக்கே" என்று நல்ல முறையிலே எடுத்துச் சொல். சட்டத்துக்கும் பட்டறைக்கும் நடுவே நடக்கிற ஆளாக நீ இரு.

அன்று கூட்டம் முடிந்து ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து புறப்பட்டபோது இருட்டிவிட்டது. வானத்திலே விமானம் இல்லை. கற்பிப்பது எப்படி என்று கற்றவர்கள் இறங்கியிருப்பார்கள். கூட்டத்தின் ஓரத்திலே நின்று கேட்டுக்கொண்டிருந்த அந்த இளைஞன் கையை அசைத்தான். "அடுத்த முகாம் எப்போது தம்பி?" என்றேன்.

"கூப்பிடுவாங்க அண்ணே. கூப்பிட்டாப் போகவேண்டியதுதான்" என்றான்.

அவன் தயங்கவில்லை, தோழா. அழைத்தால் போவான். அழைக்கிறவர்கள் அவனை ஆயத்தமாக்கி அழைக்கட்டும்!